பகல்காரன் சேர்த்த அட்டைகள்

திருக்கடலூர் ஐஸ் ஃபாக்டரிக்கு ஒரே ஒரு போன்.
படகுக்காரர் கட்டி கேட்டு எடுக்கவென்று
முதலாளி வாங்கித் தந்தது.
இந்த விளையாட்டை அதில் ஏற்றியவன் நஸ்மீர்.
பகல் அவன், இரவு நான்.
ஆறு மணிக்குக் கிண்ணியா பஸ்ஸைப் பிடிக்க
கணக்குக் கொப்பியின் மேல் போனைக் கவிழ்த்துவிட்டு ஓடுவான்.
ஆட்டம் பாதியில் நிற்கும்.

தொடக்கம் எப்போதும் ஒன்றுதான், பத்து அட்டை:
ஐந்து மொட்டை வெட்டு,
நான்கு தகரக் கேடயம்,
பெயர் மட்டும் பெரிதாக ஒரு 'சுழிக்காற்று'.
ஐந்தைந்தாகக் கைக்கு வரும். மூச்சு மூன்று.
மூச்சு உள்ளவரை போடலாம்,
மிச்சம் குப்பைக்கு.
கட்டு தீர்ந்தால் அந்தக் குப்பையே
குலுங்கித் திரும்பக் கட்டாகும்.
எறிந்தது எங்கும் போவதில்லை என்று
பத்துத் தரம் செத்த பிறகுதான் விளங்கியது.

எதிரி அடுத்து என்ன செய்வான் என்பது
அவன் தலைக்கு மேலேயே தெரியும்.
ஒரு வாள், பக்கத்தில் பதினெட்டு.
அருளப்புச் சம்மாட்டி கேற்றுக்குள் நுழையும்போது
மேலே எதுவும் தெரிவதில்லை,
தொப்பி மட்டும்தான்.

அவன் பொறுப்பானவனும்கூட.
நான் கட்டி இறக்கி, உடைத்து,
மூன்று படகுக்குக் கணக்கெழுதி,
விறைத்த விரல்களைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி
மறுபடி திரையைத் தொடும்வரை
ஓங்கிய வாளோடு அப்படியே நிற்பான்.

வென்றால் மூன்று அட்டை நீட்டுவார்கள்.
ஒன்றை எடுக்கலாம்.
ஒன்றும் வேண்டாம் என்றும் போகலாம்.
நஸ்மீருக்கு அந்த இரண்டாவது தெரியாது.
இரவு நான் திறந்தால் கட்டில் முப்பத்தெட்டு:
நஞ்சு, ஈட்டி, இன்னொரு நஞ்சு,
எதற்கென்றே தெரியாத ஒரு கொக்கு.
பெட்டி ஒன்றைத் திறந்து வெள்ளிச் சங்கு எடுத்திருக்கிறான்,
கூடவே 'துரு' வந்து ஒட்டிக்கொண்டது.
போடவும் முடியாது, விற்கவும் முடியாது,
கையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும்.

நான் கழிக்கிறவன்.
கடை வந்தால் வாங்குவதில்லை,
எழுபத்தைந்து காசு கொடுத்து ஓர் அட்டையை அழிப்பேன்.
வெளியே கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
கிழிந்த மீன்பெட்டி அட்டையை
சும்மாவே தின்றுகொண்டிருக்கும்.

இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
கொப்பியின் ஓரத்தில், கட்டிக் கணக்குக்குப் பக்கத்தில்,
'மூன்றாம் மாடியில் வலப்பக்கம் போகாதே' என்று அவன் எழுதியிருந்தான்.
முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"எங்கட கட்டடத்துக்கு எங்க தம்பி மூன்றாம் மாடி?"

போன வியாழன் கடைசி மாடிக்கு வந்துவிட்டேன்.
பதினாறே அட்டை. கத்தி மாதிரிக் கட்டு.
பெரியவனுக்கு நான்கு உயிர் மிச்சம்.
என் கையில் நான்கு கேடயம், ஒரு துரு.
ஒரு மொட்டை வெட்டு ஆறு வெட்டும்.
ஐந்தையும் காசு கொடுத்து அழித்தவன்
நானேதான்.

செத்தால் எதுவும் மிஞ்சாது.
சங்கு போகும், காசு போகும்,
பாதையைக்கூட வேறு மாதிரிக் கீறிவிடுவார்கள்.
காலையில் நஸ்மீர் திரையைப் பார்த்தான்.
துவாயால் முகத்தைத் துடைத்தான்.
"கொக்கு எங்க?" என்றான்.
"அழிச்சிட்டன்."
அது எதிரியின் கேடயத்தைத் தாண்டிக் கொத்துமாம்.

அன்று மாலை திறந்தேன்.
முதல் மாடி, முதல் சண்டை வென்றிருக்கிறான்.
மூன்று அட்டைகளும் நீட்டியபடி நிற்கின்றன,
ஒன்றையும் தொடாமல் போயிருக்கிறான்.
கொப்பியில் ஓரம் வெறுமை.

நடுவில் ஒரு கொக்கு.

விரலைக் கிட்டக் கொண்டுபோகிறேன்.
அருளப்பரின் எஞ்சின் சத்தம் கேட்கிறது,
பதினைந்து கட்டி.
மூன்றும் நிற்கட்டும்.